வெளிநாட்டு மத சுதந்திரமும் சர்க்கார்களின் யோக்கியதையும்



இன்று எனக்குக் குறிக்கப்பட்டிருக்கும் விஷயம், ஒரு நாட்டுச் சர்க்கார் மற்றொரு நாட்டு மக்களின் மத சுதந்திரத்தைப்பற்றிக் கவலை எடுத்துக்கொள்ளலாமா, எடுத்துக்கொள்வதானால் அந்தக் கவலை எப்படிப்பட்டதாயிருக்க வேண்டும் என்பதாகும். இதைக் கேட்டவுடன், "மதமே வேண்டாம் என்று ஊர் ஊராய்ச் சொல்லித் திரிகிற சுயமரியாதைக்காரனுக்கு மத சுதந்திரத்தில் என்ன வேலை?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். நான் இங்கு வரும்போது டீக்கடையில் ஒரு பெரியவர் இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். கூட்டத்துக்கு நேரமாகிவிட்டபடியால் அங்கே பதில் சொல்ல அவகாசமில்லை. அவரும் இங்கு எங்கேயாவது உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கும் சேர்த்துத்தான் சொல்லுகின்றேன். நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! மதத்துக்கு நம் நாட்டில் சுதந்திரம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? அது நடுத்தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் காதண்டையில் ஒலிபெருக்கி வைக்கிறது. கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடச் சொல்லுகிறது. நான் கேட்கிற சுதந்திரம் மதத்துக்கல்ல, மனிதனுக்கு. ஒருவன் தனக்குச் சரியென்று பட்டதை நம்பவும், சரியில்லையென்று பட்டதை விட்டுவிடவும், விட்டுவிட்டதை வெளியில் எடுத்துச் சொல்லவும், அப்படிச் சொன்னதற்காக வேலையும் வீடும் உயிரும் போகாமலிருக்கவும் உரிமை வேண்டும் என்பதுதான் அது. கும்பிடுகிறவனுக்கு எவ்வளவு பாத்தியமோ அவ்வளவு பாத்தியம் கும்பிடாதவனுக்கும் உண்டு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சர்க்கார்கள் செய்கிற காரியத்தை நாம் அளந்து பார்க்க வேண்டும்.

உலகத்துச் சர்க்கார்கள் எல்லாம் கூடி இப்படி ஒரு உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டது 1948ம் வருஷம் டிசம்பர் 10ந் தேதி. அன்று பாரிஸ் நகரத்தில் கூடிய அய்க்கிய நாடுகள் சபை, மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றிற்று. அதில் 18-வது பிரிவு, ஒருவனுக்குத் தன் மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டென்று சொல்லுகிறது. 48 நாடுகள் சம்மதம் தெரிவித்தன. எதிர்த்து ஒருவரும் ஓட்டுச் செய்யவில்லை. 8 நாடுகள் மாத்திரம் எந்தப் பக்கமும் சேராமலிருந்துவிட்டன. அந்த எட்டில் சவுதி அரேபியா ஒன்று. மதம் மாறுகிற உரிமை என்ற பேச்சுத்தான் அதற்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அதே சபையில் பாகிஸ்தானின் வெளிநாட்டு மந்திரியாயிருந்த ஜஃப்ருல்லா கான் அவர்கள் எழுந்து, நம்புவதையும் நம்பாமலிருப்பதையும் தங்கள் வேதமே மனிதனுடைய இஷ்டத்துக்கு விட்டிருப்பதாக எடுத்துக்காட்டி அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார். அப்புறம் அவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவர் அகமதியா என்னும் பிரிவைச் சேர்ந்தவர். 1953ம் வருஷத்தில் அவரை மந்திரி வேலையிலிருந்து தள்ள வேண்டுமென்று லாகூரில் பெரிய கலகம் நடந்தது. 1974ம் வருஷத்தில் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, அகமதியாக்கள் முஸ்லிம்களே அல்ல என்று தீர்ப்புச் செய்தது. 1984ம் வருஷத்தில், அவர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டால் ஜெயில் என்று அவசரச் சட்டம் வந்தது. 1979ம் வருஷத்தில் பௌதிக சாஸ்திரத்துக்காக நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம் அவர்களும் அப்பிரிவினரே. அவர் கல்லறையில் முஸ்லிம்களில் முதல் நோபல் பரிசு பெற்றவர் என்று பொறித்திருந்ததில், "முஸ்லிம்" என்ற ஒரு சொல்லை மாத்திரம் பூசி மறைத்துவிட்டார்கள். உயிரோடிருப்பவனைத் தொந்தரவு செய்தது போதாதென்று, செத்தவனுடைய கல்லையும் விடவில்லை பாருங்கள்.

பிரகடனம் இருந்தும் இப்படி நடக்கிறதே, கேட்பதற்கு ஆளில்லையா என்ற கேள்விக்கு, நான்தான் கேட்பேன் என்று ஒரு சர்க்கார் முன்வந்தது. அது அமெரிக்க சர்க்கார். 1998ம் வருஷம் அக்டோபர் 27ந் தேதி கிளின்டன் அவர்கள் கையெழுத்திட்டு, சர்வதேச மத சுதந்திரச் சட்டம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். அவர்கள் மேல்சபையில் 98 பேர் ஆதரவு, ஒருவர்கூட எதிர்ப்பில்லை. இச்சட்டப்படி அவர்களுடைய வெளிநாட்டு இலாகாவில் ஒரு தனி ஆபீஸும் ஒரு தூதரும் உண்டு. 9 பேர் அடங்கிய ஒரு தனிக் கமிஷனும் உண்டு. உலகத்து நாடுகளில் மதத்தின் பேரால் என்னென்ன அக்கிரமம் நடக்கிறதென்று வருஷா வருஷம் அறிக்கை போட வேண்டும். மிகவும் மோசமான நாடுகளை "விசேஷக் கவலைக்குரிய நாடுகள்" என்று ஜாபிதாவில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றப்பட்ட நாட்டின்மேல் எடுக்கத்தக்க நடவடிக்கை என்று 15 வகை எழுதிவைத்திருக்கிறார்கள். தனியாய்க் கூப்பிட்டுக் கண்டிப்பதில் ஆரம்பித்து, பண உதவியையும் வியாபாரத்தையும் நிறுத்துவது வரையில் போகும்.

இந்தச் சட்டம் முழுதும் மோசடி என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அறிக்கைகளில் பல உண்மைகள் வெளிவருகின்றன. ஜெயிலில் கிடக்கிறவன் பேரை ஒரு பெரிய சர்க்கார் அச்சிட்டு வெளியிட்டால், அவனை ராத்திரியோடு ராத்திரியாய்த் தொலைத்துவிடலாம் என்று நினைக்கிறவனுக்குக் கொஞ்சம் கை நடுங்கத்தான் செய்யும். ஆரம்பத்தில் இந்தச் சட்டத்துக்காக அதிகமாய்ப் பாடுபட்டவர்கள் அந்நாட்டுக் கிறிஸ்தவ மதப் பிரசாரக் கூட்டத்தாரானாலும், 2016ம் வருஷம் டிசம்பரில் ஒபாமா அவர்கள் கையெழுத்திட்ட திருத்தச் சட்டத்தில், கடவுள் நம்பிக்கையில்லாதவர்களுக்கும், எந்த மதத்தையும் அனுசரிக்காமலிருக்க விரும்புகிறவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டென்று பச்சையாய் எழுதிவிட்டார்கள். நாஸ்திகன் என்றாலே பல்லைக் கடிக்கிறவர்கள் நிறைந்த நாட்டில் இது சாமானியமான காரியமல்ல. ஆனால் ஏட்டில் எழுதுவது வேறு. எழுதியபடி நடப்பது வேறு. அதற்கு ஒரு மனிதருடைய கதையைச் சொல்லுகிறேன்.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்தில் முபாரக் பாலா என்பவர் ஒரு ரசாயன இன்ஜினீயர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 2014ம் வருஷத்தில், தனக்கு மத நம்பிக்கை போய்விட்டதென்று அவர் சொன்னதும், அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று சொந்தக் குடும்பத்தாரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் அடைத்து, 18 நாள் வைத்திருந்தார்கள். பகுத்தறிவு வந்தால் பைத்தியம் என்று சொல்லுவது நம் ஊர் வழக்கம் மாத்திரமல்ல என்று இதனால் தெரிகிறது. அவர் வெளியே வந்து அந்நாட்டு மனிதாபிமானச் சங்கத்துக்குத் தலைவரானார். 2020ம் வருஷம் ஏப்ரல் 28ந் தேதி, பேஸ்புக்கில் எழுதியதற்காகப் போலீசார் அவரைப் பிடித்தார்கள். மாதக்கணக்காய் வக்கீலைக்கூடப் பார்க்கவிடவில்லை.

அந்த வருஷம் டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் நைஜீரியாவை ஜாபிதாவில் ஏற்றிற்று. நல்லது. ஆனால் அடுத்த வருஷம், அதாவது 2021 நவம்பரில் ஜாபிதாவிலிருந்து எடுத்தும் விட்டது. எடுக்க வேண்டாம் என்று அவர்களுடைய சொந்தக் கமிஷனே சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு முபாரக் பாலா எங்கேயிருந்தார்? விசாரணைகூட முடியாமல் ஜெயிலில்தான் இருந்தார்! அய்ந்து மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 5ந் தேதி அவருக்கு 24 வருஷ ஜெயில் தண்டனை கொடுத்தார்கள். 24 வருஷம்! அப்பீலில் 2024 மே மாதத்தில் 5 வருஷமாய்க் குறைந்தது. 2025 ஜனவரியில் வெளியே வந்தார். அவர் வெளியே வந்த பிற்பாடு, அந்த வருஷம் அக்டோபர் கடைசியில், டிரம்ப் அவர்கள் நைஜீரியாவை மறுபடியும் ஜாபிதாவில் ஏற்றுவதாகச் சொன்னார். இம்முறை சொன்ன காரணம், அங்கே கிறிஸ்தவ மதத்துக்கு ஆபத்து என்பது. கிறிஸ்தவர்கள் அங்கே கொல்லப்படுவது உண்மைதான். அதைத் தடுக்க வேண்டியதும் அவசியந்தான். ஆனால் அதே கொலைகாரர்கள் கையில் ஏராளமான முஸ்லிம்களும் சாகிறார்களே, ஒன்றையும் நம்பாதவன் ஒருவன் நாலே முக்கால் வருஷம் ஜெயிலில் கிடந்தானே, அதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்கின்றேன்.

சவுதி அரேபியா விஷயத்தைப் பார்த்தால் சங்கதி இன்னும் நன்றாய் விளங்கும். 2004ம் வருஷத்திலேயே அந்த நாட்டை ஜாபிதாவில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றினார்களே ஒழிய, தண்டனைக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய்க் கிணறும் ஆயுத வியாபாரமும் இருக்கிற இடத்தில் சட்டம் பூனைபோல் நடக்கிறது. 2014ம் வருஷத்தில் அந்த நாட்டுச் சர்க்கார், நாஸ்திகம் பேசுவதையே பயங்கரவாதம் என்று உத்தரவு போட்டது. ரைஃப் பதாவி என்ற எழுத்தாளருக்கு, இஸ்லாத்தை அவமதித்தார் என்று அதே வருஷத்தில் 10 வருஷ ஜெயிலும் 1000 கசையடியும் விதித்தார்கள். 2015 ஜனவரி 9ந் தேதி ஜெட்டா நகரத்து மசூதிக்கு முன்னால், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த கூட்டத்தாரின் நடுவில் நிற்கவைத்து முதல் 50 அடி அடித்தார்கள். உலகம் முழுதும் கூச்சல் போட்டபிறகே பாக்கி அடி நின்றது. ஜெயில் நிற்கவில்லை. 10 வருஷத்தையும் கழித்து 2022 மார்ச்சில்தான் அவர் வெளிவந்தார். சர்வசக்தியுள்ள கடவுளுக்கு ஒரு கசைக்காரனும் ஒரு ஜெயிலரும் தேவைப்படுவதைப்பற்றி அந்தக் கடவுளின் பக்தர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நம் நாட்டுச் சங்கதியிலும் இதே கதைதான். 1998ம் வருஷச் சட்டத்தில், மத சுதந்திரத்தைக் கடுமையாக மீறின வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அமெரிக்காவில் நுழைய அனுமதியில்லை என்று ஒரு விதி உண்டு. அவ்விதியின்படி 2005 மார்ச்சில், 2002ம் வருஷக் கலவரங்களைக் காரணங்காட்டி, அப்போது குஜராத் முதல் மந்திரியாயிருந்த நரேந்திர மோடி அவர்களுக்கு விசா மறுத்தார்கள். 2014ம் வருஷத்தில் அவர் பிரதம மந்திரியானார். அந்த வருஷம் செப்டம்பரிலேயே வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தார்கள். மறுத்தது சரியா, அழைத்தது சரியா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் சரியாயிருக்க முடியுமா என்பதை மாத்திரம் யோசித்துப் பாருங்கள். ஒன்பது வருஷத்தில் விதியில் ஓர் எழுத்து மாறவில்லை. மனிதருடைய உத்தியோகந்தான் மாறிற்று. மேலே சொன்ன கமிஷன், இந்தியாவை ஜாபிதாவில் ஏற்ற வேண்டுமென்று 2020 முதல் வருஷா வருஷம் எழுதிவந்திருக்கிறது. அமெரிக்க வெளிநாட்டு இலாகா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் சர்க்காரோ, 2016ம் வருஷத்தில் அந்தக் கமிஷனார்கள் இங்கே வந்து பார்ப்பதற்குக்கூட விசா கொடுக்கவில்லை. பார்க்கிறவனுக்குத் தைரியமில்லை, காட்டுகிறவனுக்கும் தைரியமில்லை.

"ஊருக்கு உபதேசம் செய்கிற அமெரிக்கன் யோக்கியதை என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். அங்கே மேரிலாந்து மாகாணத்தில் டார்காசோ என்பவர், பத்திரங்களுக்குக் கையெழுத்துச் சாட்சி வைக்கிற நோட்டரி உத்தியோகத்துக்கு நியமிக்கப்பட்டார். கடவுள் உண்டென்று பிரமாணம் செய்ய மாட்டேன் என்றதால் உத்தியோகத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் வழக்காடி, 1961ம் வருஷத்தில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஏகமனதாய் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நாஸ்திகனுக்கு உத்தியோகமில்லை என்ற வாசகம் மட்டும் இன்னும் சில மாகாணங்களின் சட்டப் புத்தகத்தில் செல்லாக்காசாய்க் கிடக்கிறது. ஆனாலும் தோழர்களே, உபதேசிக்கிறவன் யோக்கியனில்லை என்பதற்காக உபதேசம் பொய்யாகிவிடாது. அடிபடுகிறவனுக்கு அடி வலிக்கத்தான் வலிக்கிறது.

இனி, வெளிநாட்டுச் சர்க்கார் செய்வதால் எவ்வளவு நடக்கிறது, உள்நாட்டு மனிதன் செய்வதால் எவ்வளவு நடக்கிறது என்று பார்ப்போம். பாகிஸ்தானில் பஞ்சாப் மாகாணத்துக் கிராமமொன்றில், 2009ம் வருஷம் ஜூன் மாத வெயிலில், ஆசியா பீபி என்ற கிறிஸ்தவக் கூலிப் பெண் பழம் பறிக்கிற வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீர் எடுத்து வந்தார். ஒரு வாய் தானும் குடித்தார். கூட வேலை செய்த பெண்கள், நீ தொட்ட பாத்திரத்தில் நாங்கள் எப்படிக் குடிப்பது என்று சண்டைக்கு வந்தார்கள்.

தோழர்களே! இந்த வார்த்தையை நீங்கள் இதற்குமுன் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? ஆயிரம் மைலுக்கப்பால், வேறு மதம், வேறு பாஷை. ஆனால் தண்ணீர்ப் பாத்திரம் மாத்திரம் நம்ம ஊர்ப் பாத்திரமாயிருக்கிறது! மதம் மாறினாலும் தீட்டு மாறாமல் கூடவே போய்க் குடியேறியிருக்கிறது.

வாய்ச்சண்டை முற்றி, அந்த அம்மாள் நபியை நிந்தித்துவிட்டார் என்று புகாராகி, 2010ம் வருஷத்தில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்காகப் பரிந்து பேசிய பஞ்சாப் கவர்னர் சல்மான் தஸீர் அவர்களை 2011 ஜனவரி 4ந் தேதி அவருடைய மெய்க்காவலனே சுட்டுக் கொன்றான். அந்தக் கொலைகாரன் கோர்ட்டுக்கு வந்தபோது வக்கீல்கள் ரோஜாப்பூவைத் தூவினார்கள். பூத் தூவினவர்கள் படிப்பில்லாதவர்களல்லர், சட்டம் படித்த வக்கீல்கள்! இரண்டு மாதத்துக்குள் சிறுபான்மையோர் மந்திரி ஷாபாஸ் பட்டி அவர்களையும் கொன்றார்கள். இந்தக் கொலைகளையெல்லாம் பார்த்த பிறகும் சைஃபுல் மலூக் என்ற ஒரு முஸ்லிம் வக்கீல், முதலில் அந்தக் கொலைகாரனுக்கு எதிராக சர்க்கார் தரப்பில் வாதாடினார். பிறகு ஆசியா பீபிக்காகவும் வாதாடினார். 2018 அக்டோபர் 31ந் தேதி பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட்டு அந்த அம்மாளை விடுதலை செய்தது. அமெரிக்க சர்க்கார் பாகிஸ்தானை ஜாபிதாவில் ஏற்றியது அதற்கு அப்புறம், அந்த வருஷம் டிசம்பரில். அதிலும் தண்டனைக்கு விலக்கு! கமிஷன் 16 வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்ததை, காரியம் முடிந்தபின் செய்தார்கள். வெளியூரான் கூச்சல் அந்த அம்மாளுக்குப் பயன்படவில்லை என்று சொல்ல மாட்டேன். கடைசியில் அடைக்கலம் கொடுத்ததும் கானடா தேசந்தான். ஆனால் பூட்டைத் திறந்தது உள்ளூர் ஆள்.

அந்தப் பூட்டு யார் செய்தது தெரியுமா? பாகிஸ்தான் பீனல் கோடில் 295 என்ற பிரிவின் வாலில் ஒட்டிவைத்த "சி" என்ற உட்பிரிவு அது. 1986ம் வருஷத்தில் சேர்த்தார்கள். அந்தப் பீனல் கோடு வெள்ளைக்காரன் 1860ம் வருஷத்தில் நமக்கும் அவர்களுக்கும் சேர்த்துப் போட்டது. 1927ம் வருஷத்தில், மத உணர்ச்சியைப் புண்படுத்துவது குற்றம் என்று 295-ஏ பிரிவைச் சேர்த்ததும் அவனே. அந்த வெள்ளைக்காரன் தன் சொந்த ஊரான இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக் குற்றத்தை 2008ம் வருஷத்தில் எடுத்துவிட்டான். நாமோ 2024 ஜூலையில் பீனல் கோடையே மாற்றிப் புதுச் சட்டத்துக்குப் புதுப் பெயர் சூட்டியும், அந்தப் பிரிவை மாத்திரம் 299 என்று நெம்பரை மாற்றிப் பத்திரமாய் வைத்துக்கொண்டோம்.

இவ்விடத்தில் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதத்தைச் சர்க்காரே அடித்து ஒழித்துவிட்டால் நல்லதுதானே என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்டதுண்டு. அல்பேனியா தேசத்தில் 1967ம் வருஷம் முதல் கோயில், மசூதி எல்லாவற்றையும் மூடி, 1976ம் வருஷ அரசியல் சட்டத்தில் மதத்தையே தடுத்து வைத்தார்கள். 1990ல் தடை நீங்கியதும் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. சீன தேசத்தில் உய்கர் முஸ்லிம்களை முகாம்களில் அடைத்ததும் அப்படிப்பட்ட அக்கிரமமே. போலீஸ்காரன் தடியால் ஆஸ்திகனாவது எப்படி மானக்கேடோ, அப்படியே தடியால் நாஸ்திகனாவதும் மானக்கேடு. வாதம் செய்து ஜெயிக்கத் தெரியாதவன்தான் தடியைத் தேடுவான்.

கடைசியாக, நம் சர்க்கார் விஷயம். வெளிநாட்டில் மதத்தின் பேரால் துன்பப்படுகிறவர்களுக்காக நம் சர்க்காரும் ஒரு சட்டம் செய்திருக்கிறது. அது 2019ம் வருஷக் குடியுரிமைத் திருத்தச் சட்டம். விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014ம் வருஷ முடிவுக்குள் வந்துவிட்ட இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி செய்கிறது. துன்பப்பட்டு வந்தவனுக்கு இடம் கொடுப்பதை ஆட்சேபிக்க நமக்கு மனமில்லை. ஆனால் ஜாபிதாவைப் பாருங்கள். துன்பம் எவ்வளவு என்று கேட்கவில்லை. மதம் எது என்று கேட்கிறது. நான் முதலில் சொன்ன அகமதியாவுக்கு அதில் இடமில்லை. டாக்கா நகரத்தில் 2015 பிப்ரவரி 26ந் தேதி புத்தகச் சந்தையிலிருந்து திரும்புகையில் வெட்டுண்டு செத்தாரே அவிஜித் ராய், அவரைப்போல் எழுதி, அரிவாளுக்குப் பயந்து ஓடிவருகிறவன் முஸ்லிம் வீட்டில் பிறந்தவனாயிருந்தால் அவனுக்கும் இடமில்லை. மதமில்லை என்று எழுதிக்கொடுத்தால் எந்தக் கட்டத்திலும் அவனைச் சேர்க்க முடியாது. தசலீமா நஸ்ரின் அம்மையார் 1994ல் தன் நாட்டைவிட்டு வெளியேறியவர். இங்கே அவர் வாழ்ந்த வாழ்வெல்லாம் அவ்வப்போது புதுப்பிக்கிற அனுமதிச் சீட்டின் தயவில்தான். இலங்கையிலிருந்து வந்து நம் மாகாணத்து முகாம்களில் முப்பது, நாற்பது வருஷமாய்க் கிடந்த தமிழர்களுக்கும் அந்த ஜாபிதாவில் இடமில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், மற்றவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். மதம் ஜாபிதாவில் இருக்கிறது. அவர்கள் ஓடிவந்த நாடு இல்லை.

இதெல்லாம் தூரதேசத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2017 மார்ச்சில் நம் கோயமுத்தூரில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்மைப்போன்ற கொள்கைகளை எழுதிவந்த ஒரு வாலிபத் தோழரை, ராத்திரியில் வெளியே வரச்செய்து வெட்டிக் கொன்றார்கள். சிறு குழந்தைகள் இருந்தார்கள். எழுத்துக்குப் பதில் எழுதத் தெரியாதவர்கள் செய்த காரியம். அவருடைய தகப்பனார், மகன் கொண்ட கொள்கைக்காகக் கொல்லப்பட்டானென்றால் நானும் அதிலேயே சேருகிறேன் என்று சொன்னார். அன்றைக்கு அந்தத் தோழர் முன்கூட்டியே சங்கதி தெரிந்து வேறு தேசத்துக்கு ஓடியிருந்தால், அந்தத் தேசத்துச் சர்க்கார் அவரைப் பார்த்து, "நீ என்ன மதம்?" என்று கேட்டிருந்தால், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

ஆகவேதான், இந்தக் கூட்டத்தின் பேரால் ஒரு தீர்மானம் தயாரிக்கப்பட்டிருக்கிறது. அடைக்கலம் கொடுக்கிற சட்டத்தில் மதங்களின் பெயர் இருக்கிற இடத்தில், மத நம்பிக்கையின் காரணமாகவோ நம்பிக்கையின்மையின் காரணமாகவோ துன்புறுத்தப்பட்ட எவரும் என்ற வாசகத்தைப் போட வேண்டுமென்றும், நாடுகளின் ஜாபிதாவில் இலங்கையையும் சேர்க்க வேண்டுமென்றும், 299-வது பிரிவை எடுத்துவிட வேண்டுமென்றும் அதில் கண்டிருக்கிறது. டீக்கடைப் பெரியவருக்கு ஆட்சேபணை இருந்தால் மேடைக்கு வந்து தாராளமாய்ப் பேசலாம். அவருக்கு வேண்டிய நேரம் கொடுக்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். கடைசி பஸ் ஒன்பதரை மணிக்கு என்று தோழர்கள் சொல்லுகிறபடியால், தீர்மானத்தைப் பிரேரேபிக்கிறவருக்கு இடம்விட்டு நான் உட்காருகின்றேன்.